தங்கம் ஹலால்தான், அதை மறைத்துக் கொண்டுவருவது?

விமான நிலையத்தில் தங்கத்துடன் பிடிபட்ட ‘குருவி’களுக்காகச் சுங்க வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். பயணச்சீட்டுக்கும் சிறு கூலிக்கும் ஆசைப்பட்டு அடுத்தவர் தங்கத்தைச் சுமந்துவரும் இவர்கள் எல்லாச் சமூகத்தையும் சேர்ந்தவர்கள். ஆனால், என் முஸ்லிம் சமூகத்து இளைஞர்கள் சிலர் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறார்கள்: “தங்கம் ஹலால்தானே (மார்க்கம் அனுமதித்ததுதானே) காக்கா (அண்ணா), அரசாங்கச் சட்டத்தை மீறினால் மார்க்கத்தில் என்ன குற்றம்?” ஜாமீன் மனு போடும்போது என்னிடம் கேட்பதை, விமானம் ஏறும் முன்பே ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனம் வேதனைப்படுகிறது.

“நம்பிக்கை கொண்டோரே! உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள்” என்னும் திருக்குர்ஆன் வசனம் (5:1), யாருடன் செய்த உடன்படிக்கை என்று பிரித்துப் பேசவில்லை. மார்க்க விஷயத்தில் உதவி கேட்கும் முஸ்லிம்களுக்கு உதவுவது கடமை என்று கூறும் 8:72-ஆம் வசனமே, உங்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தாருக்கு எதிராக மட்டும் அந்த உதவி கூடாது என விலக்கும் அளிக்கிறது.

கி.பி. 628-இல் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் நடந்த உடன்படிக்கை பற்றிய ஹதீஸில் (நபிமொழிச் செய்தியில்) இடம்பெறும், அதற்கு முன்பு நடந்த ஒன்றை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. நபித்தோழர் முகீரா பின் ஷுஅபா (ரலி), இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்பு, தம்மை நம்பி உடன்வந்த பயணிகளைக் கொன்று அவர்களுடைய பொருள்களை எடுத்துக்கொண்டவர். அவருடைய இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட நபி (ஸல்) அவர்கள், அந்தப் பொருளுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று கூறிவிட்டார்கள் என்ற செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. பறிகொடுத்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர்; ஆயினும் நம்பிக்கை மோசடியால் வந்த பொருள் ஏற்கப்படவில்லை.

பிற நாட்டுக்குள் ‘அமான்’ (பாதுகாப்பு உறுதி) பெற்று நுழைபவர் அந்நாட்டாரை ஏமாற்றக் கூடாது என்னும் நிபந்தனை, வாயால் சொல்லப்படாவிட்டாலும் அதன் பொருளிலேயே அடங்கியிருக்கிறது என்று ஹன்பலி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபின் அறிஞர் இப்னு குதாமா எழுதினார். இன்றைய விசாவும் அத்தகைய அமான்தான். சொந்த நாட்டில் குடியுரிமையும் ஓர் உடன்படிக்கையே என்பது என் கருத்து. அதிலும், விமான நிலையத்தில் பச்சை வழியில் நடந்து வெளியேறுவதே, ‘அறிவிக்க வேண்டிய பொருள் எதுவும் என்னிடம் இல்லை’ என்று கொடுக்கும் வாக்குமூலம். இடுப்பில் தங்கத்தை வைத்துக்கொண்டு அதைக் கொடுப்பது பொய்.

சுங்க வரி, ஹதீஸில் கண்டிக்கப்பட்ட ‘மக்ஸ்’ என்னும் வரி அல்லவா என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த ஹதீஸின் எச்சரிக்கை வாங்குபவரைப் பற்றியது; கொடுப்பவர் பொய் சொல்வதற்கு அதில் அனுமதி இல்லை. படைத்தவனுக்கு மாறு செய்வதில் படைப்புகளுக்குக் கீழ்ப்படிதல் கிடையாது என்பது உண்மை. ஆனால், ஹராமை (மார்க்கம் தடுத்ததை) செய்யும்படி சட்டம் கட்டாயப்படுத்துவது வேறு. நமக்குச் செலவு வைப்பது வேறு. வரி அநியாயம் என்று கருதுபவருக்கு நீதிமன்றம் திறந்திருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் ஆண் 20 கிராமும் பெண் 40 கிராமும் தங்க நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் சென்று அறிவிக்க வேண்டும். மறைத்தால், 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி 7 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். கடத்தலைத் தடுப்பதற்கான, 1974-ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டத்தில் விசாரணையின்றித் தடுத்துவைக்கவும் இடமுண்டு. அப்போது தங்கத்தைக் கொடுத்தனுப்பியவர் தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. வக்கீல் கட்டணத்துக்காக என் அலுவலகத்தில் வளையலைக் கழற்றி வைப்பவர் அந்தத் தம்பியின் தாயார்.