இந்திய வீட்டுத் திட்டம்: நாட்டுக்கு வந்த காசு வேற, லயத்துக்கு வர்ற வீடு வேற

"இந்தியா நாலு பில்லியன் டாலர் குடுத்துச்சு, ஒங்களுக்கு வீடும் கட்டுது, இன்னும் என்ன வேணும்"னு இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல, லயம்னு சொல்ற வரிசை வீட்டுல இருக்குற ஆளுங்கள ஆபீஸ்ல வச்சே கேக்குறாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசுறதே தப்பு. 2022ல வந்த அந்த 4 பில்லியன்ல பெரும்பகுதி கடன், எண்ணெய்க்கு, மருந்துக்கு, சாப்பாட்டுக்கு, அது இலங்கை முழுக்க சேர்ந்து திருப்பிக் கட்டுறது, கொழுந்து பறிக்கிறவங்களும் கடையில சாமான் வாங்குறப்ப வரியாக் கட்டுறாங்க. வீட்டுத் திட்டம் நன்கொடை. முதல்ல 50,000 வீடு, அதுல 46,000 வடக்கு கிழக்குக்கு, யுத்தத்துல எல்லாம் இழந்தவங்களுக்குப் போனது, அதுல ஒரு குறையும் இல்ல. மலையகத்துக்கு 4,000. 2017 மே மாசம் மலையகத்துல இருக்குற நோர்வூட்ல மோடி இன்னும் 10,000ன்னு சொன்னாரு, வேலை தொடங்கவே 2023 கடைசி, 2024ன்னு ஆயிருச்சு. ஆக 14,000 வீடு. மலையகத் தமிழர்ல 2012 கணக்கெடுப்புல இந்தியத் தமிழர்னு பதிஞ்சவங்க மட்டும் 8 லட்சத்துக்கு மேல. அதனால வீடு கிடைக்கிறவங்க லிஸ்ட்ல பேர் வர்றதுதான் பெரிய சண்டையே.

வடக்கு கிழக்குல பெரும்பாலான குடும்பங்களுக்கு அஞ்சரை லட்சம் ரூபா தவணை தவணையா அவங்க பேங்க் கணக்குக்கே போச்சு, அவங்களே நின்னு கட்டுனாங்க. தோட்டத்துல அப்படி இல்ல. காணி அரசாங்கத்தோடது, 1992லருந்து கம்பனிகள் கையில குத்தகைக்கு, அதனால தொர (தோட்ட மேலாளர்) ஒத்துக்காம ஒரு அடி நிலம் நகராது. இந்த 10,000 வீட்டையும் வீடமைப்பு அதிகாரசபையும் அரச பொறியியல் கூட்டுத்தாபனமும் நடத்துறாங்க, காசு ஒங்க கைக்கு வராது.

இதுல மாட்டிக்கிற எடம் எங்கன்னா, மொதல்ல குடும்பக் கணக்கு. ஒரே காம்பராவுல (லயத்து அறையில) அப்பா, கல்யாணமான ரெண்டு மகன்னு மூணு குடும்பம் இருக்கும், பதிவுல ஒண்ணாத்தான் இருக்கும், அப்ப ஒரு வீடுதான் கணக்குல வரும். கிராம சேவகர்கிட்ட போயி குடும்பம் தனித்தனியாப் பதிஞ்சிருக்கான்னு இப்பவே பாருங்க, லிஸ்ட் போட்டப்புறம் அலைஞ்சா "அடுத்த கட்டத்துல பாக்கலாம்"னு அனுப்பிருவாங்க. பேர் ஐடி கார்ட்ல ஒரு எழுத்து, செக்ரோல்ல (தோட்டத்து வேலைக் கணக்குப் பதிவுல) வேற எழுத்துன்னா அதையும் முன்னாடியே திருத்திருங்க. ஓய்வு பெற்ற அம்மாமாரு, கொழும்புல வேலை பாக்குற பிள்ளைங்க இருக்குற வீடுங்க, இவங்களத்தான் "தோட்டத்துல பேர் இல்ல"ன்னு சுலபமாக் கழிக்கிறாங்க, அப்படிச் சொன்னா எந்த விதியிலன்னு எழுத்துல கேளுங்க. வாய்ல சொல்ற காரணத்த மறுநாளே மாத்திருவாங்க.

தொழிற்சங்கத்துல சந்தா கட்டுனாத்தான் வீடு, பேர் ஏத்த இவ்வளவு குடுன்னு யாராவது வந்தா ஒரு சதம் குடுக்காதீங்க. சம்பளத்துல பிடிச்சுக்குவோம்னு பேப்பர் நீட்டுனா கையெழுத்துப் போடாதீங்க, பழைய தோட்ட வீட்டுக் கடன் அப்படித்தான் வருஷக்கணக்கா சம்பளத்துல பிடிச்சாங்க, இது கடன் திட்டமே இல்ல.

சாவி வாங்குறது முடிவில்ல, காணி உறுதிதான் (நிலப் பத்திரம்) முக்கியம். விழா மேடைல குடுக்குற கடிதம் காணி உறுதி ஆகாது. எத்தனை பேர்ச்சஸ் நிலம் (பேர்ச்சஸ்ங்கிறது நில அளவு), யார் பேர்ல, புருஷன் பேர்ல மட்டுமா பொண்டாட்டி பேரும் சேர்த்தான்னு அந்த உறுதியில எழுதியிருக்கணும். சுவர் வெடிப்பு, தண்ணி லைன் இல்லன்னா சாவி வாங்குறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்து நகல்ல சீல் வாங்குங்க, இல்லன்னா அப்புறம் தோட்டம் டீஎஸ் ஆபீஸ (பிரதேச செயலகத்த) கைகாட்டும், டீஎஸ் ஆபீஸ் கொழும்ப கைகாட்டும்.

யாரும் பதில் சொல்லலைன்னா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடுங்க. தமிழ்லயே எழுதலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்ல, ஏத்துக்கிட்டதுக்கு ரசீது குடுத்தே ஆகணும், 14 வேலை நாளுக்குள்ள தர்றோம் தரமாட்டோம்னு முடிவு சொல்லணும். ரெண்டு கேள்வி போதும்: எங்க டிவிஷன் லிஸ்ட்ல யார் யார் இருக்காங்க, எந்த அடிப்படையில எடுத்தீங்க. டீஎஸ் ஆபீஸுக்கும் வீடமைப்பு அதிகாரசபைக்கும் தனித்தனியா, பதிவுத் தபால்ல.