முன் இறக்கை வைத்த விமானம் ஸ்டால் ஆகாதா?

அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்கு எடைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. முன் இறக்கை வைத்த லாங்-ஈஸீ என்ற சிறு விமானத்தைக் கட்டுகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "இது கேனார்ட் சார், ஸ்டாலே ஆகாது." கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். ஸ்டால் என்றால், மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி இறக்கை தூக்குவிசையை இழப்பது. அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை.

கேனார்ட் என்பது பிரதான இறக்கைக்கு முன்னால் இருக்கும் சின்ன இறக்கை. அதைச் சற்று அதிகக் கோணத்தில் பொருத்துவார்கள். விமானி மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் முதலில் தூக்குவிசை இழப்பது அதுதான். உடனே மூக்கு தானாகத் தாழும். பிரதான இறக்கை ஸ்டால் வரை போகாது. அருமையான ஏற்பாடுதான்.

ஆனால் ஈர்ப்பு மையம் சரியான இடத்தில் இருந்தால் மட்டும்தான் இது நடக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் எடை குறைந்த விமானி தனியாக ஏறினாலே மையம் பின்னால் நகர்ந்துவிடும். அப்போது கேனார்டின் சுமை குறையும், அதனால் மூக்கை இன்னும் மேலே தூக்க முடியும். பிரதான இறக்கையே ஸ்டால் ஆகிவிட்டால், மூக்கைக் கீழே இறக்கப் பின்னால் வால் இறக்கை கிடையாது. விமானம் தட்டையாகவே கீழே இறங்கும். மீள்வது மிகக் கடினம். மூக்கில் ஈயக்கட்டி வைக்கச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தயவுசெய்து வையுங்கள்.

அடுத்தது மழை. லாங்-ஈஸீக்கு முன்னோடியான, பர்ட் ரூட்டன் வடிவமைத்த வாரி-ஈஸீ 1975-இல் பறந்தது. அந்த விமானத்திலும் தொடக்ககால லாங்-ஈஸீக்களிலும் இருந்த கேனார்ட், மழைத்துளி படிந்தால் தூக்குவிசையை இழந்தது. மூக்கு தாழ, விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. 1986-இல் நிற்காமல் உலகைச் சுற்றிய வாயேஜருக்கும் இதே தொல்லை வந்தது, அதன் கேனார்டில் சிறு தகடுகளை ஒட்டித்தான் சமாளித்தார்கள். அப்புறம் ஜான் ரான்ஸ் வடிவமைத்த புதிய குறுக்குவெட்டு வடிவம் கொண்ட கேனார்ட் வந்து லாங்-ஈஸீயின் மழைத் தொல்லையை வெகுவாகக் குறைத்தது. பழைய விமானம் வாங்குகிறவர்கள் எந்தக் கேனார்ட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பழையது என்றால் மழையில் தரையிறங்க வேகத்தைக் கூட்டி, நீளமான ஓடுபாதையைத் தேடுங்கள்.

எடை போடும்போது மூன்று சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வேண்டும். டேங்க் நிரம்பியும் காலியாகவும் இரண்டு முறை கணக்குப் போடுங்கள். உங்கள் சொந்த எடையை மட்டும் குறைத்தோ கூட்டியோ எழுதாதீர்கள்.