ஃபூட்ஸி: கொதிநீரில் நஞ்சிழக்கும் வேர்

"விஷ வேரைக் கொதிக்க வைத்தால் மருந்தாகிவிடும் என்கிறார்களே சீன மருத்துவர்கள், அந்த விஷம் எங்கே போகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கேயும் போவதில்லை. உடைந்து அதே பாத்திரத்தில்தான் கிடக்கிறது. எந்த இடத்தில் உடைகிறது, எவ்வளவு உடைகிறது என்பதுதான் விஷயம்.

அவர் கேட்கும் வேர் ஃபூட்ஸி. அகோனிட்டம் கார்மைக்கேலி என்ற நீலப்பூச் செடியின் தாய்க்கிழங்கை ஒட்டி விளையும் பக்கக் கிழங்கு. தாய்க்கிழங்கை சுவான்வூ என்று தனியே விற்பார்கள். சிச்சுவான் மாகாணத்தின் ஜியாங்யூ வட்டாரம் இதன் பயிருக்குப் பேர்போனது. கை கால் சில்லிட்டு நாடி தளர்ந்தவருக்கு ஃபூட்ஸி, சுக்கு, வறுத்த அதிமதுரம் மூன்றையும் கஷாயமாக்கிக் கொடுப்பது ஹான் வம்சத்தின் கடைசிக்கால மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் வகுத்த முறை. அவர் பதப்படுத்தாத கிழங்கையே சொல்லியிருந்தார். இன்று அந்தத் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

நஞ்சின் பெயர் அகோனைட்டீன். 34 கார்பன், 47 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 11 ஆக்சிஜன் கொண்ட ஆல்கலாய்டு, அதாவது செடி உண்டாக்கும் நைட்ரஜன் சேர்மம். பின்னிக் கிடக்கும் வளையங்களின் 8-ஆம் கார்பனில் ஓர் அசிட்டைல் எஸ்டர், 14-ஆம் கார்பனில் ஒரு பென்சாயில் எஸ்டர். எஸ்டர் என்றால் ஓர் அமிலத்தின் துண்டு ஒட்டியிருக்கும் இணைப்பு. மெசகோனைட்டீன், ஹைப்பகோனைட்டீன் என்ற உறவினர்களும் கிழங்கில் உண்டு. தூய அகோனைட்டீன் 2 மில்லிகிராம் அளவே ஓர் ஆளைக் கொல்லப் போதும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அது வேலை செய்யும் இடம், நரம்பு செல்லிலும் இதயத் தசை செல்லிலும் உள்ள சோடியம் கால்வாய். இந்தக் கால்வாய்க்கு மதகு போல இரண்டு அடைப்புகள். செல்லின் மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் முதல் அடைப்பு திறக்கும், சோடியம் உள்ளே பாயும். ஓரிரு மில்லிவினாடியில் இரண்டாவது அடைப்பு விழுந்து ஓட்டத்தை நிறுத்தும். செல் மறுபடி ஓய்வு நிலைக்கு வந்த பிறகுதான் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும். அகோனைட்டீன் திறந்திருக்கும் கால்வாயாகப் பார்த்துத்தான் நுழைகிறது. நுழைந்து இரண்டு கெடுதல் செய்கிறது. திறப்பதற்கான வரம்பை வெகுவாகக் கீழே இறக்கிவிடுகிறது. ஆகவே ஓய்வு நிலையிலேயே கால்வாய் திறந்துகொள்கிறது. இரண்டாவது அடைப்பையும் விழவிடாமல் தடுக்கிறது. நரம்பு முதலில் காரணமில்லாமல் துடிக்கும். நாக்கிலும் உதட்டிலும் ஊசி குத்துவது போன்ற சுருசுருப்பு அதுதான். பிறகு ஓய்வு நிலைக்கே திரும்ப முடியாமல் செயலற்றுப்போகும். சுருசுருப்பு மரமரப்பாக மாறுவது அதனால். இதே குழப்பம் இதயத்தின் கீழறைகளில் நடந்தால், செல்கள் தலைமைத் துடிப்பியைப் பொருட்படுத்தாமல் தாமாகவே துடிக்கத் தொடங்கும்.

இதற்கு நேர் எதிரானது பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின். அது அதே கால்வாயின் வெளிவாயை அடைத்து சோடியத்தை உள்ளே விடாது. 1986-இல் ஜப்பானின் ஒக்கினாவாவில் ஒரு பெண் திடீரென இறந்தார். கணவர் அவரைப் பிரிந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்ததால் சந்தேகம் அவர்மேல் நிற்கவில்லை. பாதுகாத்து வைத்திருந்த இரத்தத்தில் பின்னர் இரண்டு நஞ்சுகளும் இருப்பது தெரிந்தது. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றதன் வேலையைத் தள்ளிப்போடும். மீன் நஞ்சு முன்னதாக உடலைவிட்டு நீங்கியதும் வேரின் நஞ்சு தன் வேலையைத் தொடங்கும். கணவர் தண்டிக்கப்பட்டார். அயனிக் கால்வாய் பற்றிய பாடம் கொலை வழக்கின் தீர்ப்பில் இடம்பெறுவது அபூர்வம்.

இனி கொதிக்கும் பாத்திரம். வெந்நீரில் முதலில் கழல்வது 8-ஆம் கார்பனின் அசிட்டைல். அது அசிட்டிக் அமிலமாகப் பிரிந்துபோக, மிஞ்சுவது பென்சாயில்அகோனைன். இதன் நச்சுத்தன்மை சில நூறு மடங்கு குறைவு. இன்னும் நீண்ட நேரம் கொதித்தால் 14-ஆம் கார்பனின் பென்சாயிலும் மெதுவாகக் கழன்று அகோனைன் ஆகும். அது ஆயிரம் மடங்குக்கும் மேல் சாது. விலங்குச் சோதனைகளில் வலியையும் வீக்கத்தையும் குறைப்பதாகத் தெரிவது நடுவிலுள்ள பென்சாயில் வகை. அதனால்தான் சீன மருந்தியல் விதிநூல் இரண்டு பக்கமும் வேலி போடுகிறது: பதப்படுத்திய ஃபூட்ஸியில் இரட்டை எஸ்டர் வகை (உடையாத அகோனைட்டீனும் உறவினர்களும்) 0.020 சதவீதத்தை மீறக் கூடாது, ஒற்றை எஸ்டர் வகை (அசிட்டைல் கழன்ற பென்சாயில் வகை) 0.010 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பட்டறையில் கிழங்கை முதலில் மெக்னீசியம் குளோரைடு மிகுந்த கசப்பு உப்புநீரில் ஊறவைக்கிறார்கள். ஈரக் கிழங்கு அழுகாமலிருக்க அது உதவுகிறது. பிறகு உள்மையம்வரை வேகவைத்து, சீவி, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, ஆவியில் வைத்து உலர்த்துகிறார்கள். அலசும்போது நஞ்சோடு மருந்தும் சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது என்பது இந்த முறையின் பெரிய குறை. ஜப்பானில் அழுத்தக் கலனில் சூடேற்றும் முறையும் உண்டு. நூறு டிகிரிக்கு மேல் எஸ்டர் வேகமாக உடைகிறது, அலச வேண்டிய தேவையும் குறைகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

கஷாயத்துக்கு விதிநூல் சொல்லும் அளவு 3 முதல் 15 கிராம். மற்றச் சரக்குகளுக்கு முன்பே இதைத் தனியாக, நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். தவறு நடக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பாதி வழியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெப்பம் விழுந்து வினை நின்றுபோகும். தடித்த துண்டின் நடு வேகாது. கடல்மட்டத்திலிருந்து 1,900 மீட்டர் உயரத்திலுள்ள குன்மிங்கில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோர ஊரின் கணக்கு அங்கே செல்லாது. யூனான் மாகாணத்தில் குளிர்காலத்தில் இவ்வகைக் கிழங்கைச் சூப்பாக வைத்துச் சாப்பிட்டு நஞ்சேறுவது இன்றும் நடக்கிறது. எல்லாவற்றிலும் மோசம் மதுவில் ஊறப்போடுவது: மது ஆல்கலாய்டை நன்றாகக் கரைக்கும், ஆனால் எஸ்டரை உடைக்காது.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? கிழங்கிலுள்ள ஹிஜெனமைன் இதயத்தின் பீட்டா ஏற்பிகளைத் தூண்டித் துடிப்பைக் கூட்டுகிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஆக, "குளிர்ந்த உடலைச் சூடாக்கும்" என்ற பழைய வாக்கு வெறும் கற்பனை அல்ல. ஆனால் இதயச் செயலிழப்புக்கு இன்றைய மருந்துகளை விட்டுவிட்டு இதை நம்பச் சொல்லும் தரமான சான்று கிடையாது.

நம் சித்த மருத்துவத்தின் நாவி என்ற நச்சுக் கிழங்கும் இதே பேரினம்தான். அதைக் கோமூத்திரத்தில் மூன்று நாள் ஊறவைத்தோ பாலில் வேகவைத்தோ சுத்தி செய்வது வழக்கம். கோமூத்திரத்தில் தெய்வசக்தி தேட வேண்டியதில்லை: யூரியா அம்மோனியாவாக மாறி காரத்தன்மை ஏறுகிறது, காரத்தில் எஸ்டர் உடைகிறது. சமையல் சோடாவும் அந்த வேலையைச் செய்யும். எலிக்குப் புற்றுநோய் வரவழைத்து மூலிகையைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை, ஒவ்வொரு தொகுதி சுத்தி செய்த நாவியிலும் எஞ்சியிருக்கும் நஞ்சை அளக்கும் கருவிகளுக்குக் கொடுத்தால் உயிர்கள் மிஞ்சும்.

ஹாங்காங் பதப்படுத்தாத ஃபூட்ஸியையும் சுவான்வூவையும் நச்சு மூலிகைகளின் சட்டப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் மூலிகைத் தேநீர் குடித்த இருவர் கவலைக்கிடமானார்கள். அவர்களில் ஒரு பெண் இறந்தார். 2022-இல் கனடாவின் மார்க்கமில் உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு நஞ்சேறியது. காரணம், இஞ்சி வகையைச் சேர்ந்த கச்சோலக் கிழங்கின் பொடியில் கலந்திருந்த அகோனைட்டீன். பொடியாக்கிய பிறகு கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

கஷாயம் குடித்த பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்து, வாந்தியும் மயக்கமும் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. மின் அதிர்ச்சி கொடுத்தாலும் துடிப்பு பலருக்கு நிலைக்காது, ஏனென்றால் நஞ்சு இன்னும் கால்வாய்க்குள் இருக்கிறது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் அல்லது ஃப்ளெகைனைடு என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் நஞ்சு நீங்கும்வரை இதய-நுரையீரல் இயந்திரம் தாங்கும். மிச்சக் கஷாயத்தையும் வேர்த்துண்டுகளையும் கொட்டிவிடாமல் மருத்துவமனைக்குக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.