அடையில் இருக்கும் பேடுதான் முதலில் போகும்

போன மாரிக்கு முன், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வளவில் ஒன்பது கினிக்கோழிகள் நின்றன. பொங்கலுக்கு ஐந்து. போன நாலும் பேடுகள். சேவலும் பேடும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், குரலில்தான் பிரியும்: பேடு இரண்டு அசையில் கூப்பிடும், சேவலுக்கு அது வராது. அந்த இரண்டசைக் குரல்தான் எங்கள் வளவில் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

கடைசியாகப் போன பேட்டைத் தேடி விடியற்காலையில் வரம்போரத்து இலுக்குக்குள் இறங்கினேன். புல்லை விலக்கினால் ஒரு சின்னப் பள்ளம், அதில் மூன்று முட்டைகள், இன்னும் சூடு ஆறவில்லை. சுற்றிவர, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட இறகுகள். கோழி மட்டும் இல்லை.

பகலில் இதைப் பிடிப்பது லேசில்லை. கூட்டமாகவே மேயும், ஒன்று குனிந்தால் இன்னொன்று தலை நிமிர்ந்து பார்க்கும். கீரி வேலிக்குள் மூக்கை நீட்டினால் போதும், அத்தனையும் சேர்ந்து கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆனால் அந்தக் காவல் முழுவதும் கண்ணை நம்பியது. கோழியினத்தின் விழித்திரை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றது. இருட்டியதும் அதற்கு மாலைக்கண் வந்த மாதிரித்தான். நரிக்கும் காட்டுப்பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால் அவற்றுக்கு மங்கல் ஒளியே போதும். டோர்ச் அடித்தால் அவற்றின் கண் மின்னுவதும் அதனால்தான்.

இந்தக் குறையைக் கினிக்கோழி மரமேறி ஈடுகட்டுகிறது. வேம்பின் உச்சிக் கொப்பில் இருப்பதை நரி எட்டாது. மரநாயும் பெரிய ஆந்தையும் எட்டும், என்றாலும் ஆபத்து குறையும். அடைக்கு இருக்கும் பேட்டுக்கு மட்டும் அந்த வழி இல்லை. 26 முதல் 28 நாள் வரை, அத்தனை இரவும் தனியாகத் தரையில் கிடக்க வேண்டும். அசையாமல் பதுங்கியிருந்தால் பருந்தின் கண்ணுக்குத் தப்பலாம். மோப்பம் பிடித்து வரும் நரிக்கு முன்னால் அந்தப் பதுங்கல் எதுவும் செய்யாது.

இதன் தாய்நிலமான ஆப்பிரிக்காவிலும் கதை இதுதான். அங்கே ஒரு பேடு ஒரு தடவையில் பத்துப் பதினைந்து முட்டை இடும், சிலவேளை பல பேடுகள் ஒரே கூட்டில் இடும். பெரிய கூட்டம் அந்த இழப்பைத் தாங்கும். நாலைந்து பேடு வைத்திருக்கிற வளவு தாங்காது.

அதனால் இப்போது நான் பேட்டை அடைக்கு விடுவதில்லை. கூட்டைக் கண்டதும் பென்சிலால் குறியிட்ட நாலைந்து முட்டையை விட்டுவிட்டு மற்றவற்றை எடுப்பேன். முழுவதையும் எடுத்தால் அது இடம் மாற்றிவிடும், அப்புறம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. எடுத்ததை ஊர்க்கோழிக்கு அடை வைக்கிறேன். ஊர்க்கோழி முட்டைக்கு 21 நாள், இதற்கு மேலும் ஒரு வாரம், ஆகவே நடுவில் எழும்பாத கோழியாகப் பார்க்க வேண்டும். இரவில் வெளியே தங்காமல் இருக்க, பொழுது சாயுமுன் அடைக்கிற கோழிக்கூண்டுக்குள்ளேதான் குறுணல். புதிதாக வாங்குகிறவற்றை முதலில் ஒரு மாதமாவது அடைத்து வைத்தால் அந்த இடத்துக்கே திரும்பி வரப் பழகும். குஞ்சு பொரித்தால் பனி காயும் வரை வெளியே விடாதீர்கள். ஈரப் புல்லில் நனைந்த குஞ்சு குளிரிலேயே போய்விடும்.