தங்க்: பொதிந்து வைத்த செயல்

வலைச்செயலியின் தரவை ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரீடக்ஸில் வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘தங்க்’ என்ற சொல் காதில் விழுந்துவிடும். “ஏபிஐ கூப்பிடணுமா? ஒரு தங்க் எழுதிடு” என்பார்கள். இப்படியே கேட்டுப் பழகியவர்களுக்குத் தங்க் என்றால் ஏபிஐ அழைப்பு, அதாவது சர்வரிடம் தரவு கேட்பது, அல்லது காத்திருந்து செய்யும் வேலை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. சொல்லின் பொருள் அதுவல்ல. இப்போதே செய்துவிடாமல், கேட்கும்போது செய்வதற்காகச் சுற்றி வைத்த ஒரு துண்டு வேலைதான் தங்க். காத்திருப்பது அதற்குள் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் தங்க் எழுதுகிறவர்கள் பல இடங்களில் தடுமாறுகிறார்கள்.

சொல் பிறந்தது ஜாவாஸ்கிரிப்டுக்கு வெகு காலம் முன்பு. 1960இல் வெளியான அல்கால் 60 மொழியில் ‘பெயரால் அழைத்தல்’ என்று ஒரு முறை இருந்தது. ஒரு செயல்முறைக்கு நாம் கொடுக்கும் கோவையை முன்கூட்டியே கணக்கிட்டு மதிப்பாக அனுப்பமாட்டார்கள். உள்ளே அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் கோவை புதிதாகக் கணக்கிடப்படும். டென்மார்க்கின் யோர்ன் யென்சன் பெயரால் வழங்கும் உத்தி இதற்கு நல்ல சான்று. கூட்டல் செய்யும் ஒரு செயல்முறைக்கு ஐ என்ற மாறி, 1 என்ற தொடக்கம், 100 என்ற முடிவு, ‘1 வகுத்தல் ஐ’ என்ற கோவை ஆகிய நான்கையும் கொடுக்கிறோம். கோவையை முதலிலேயே கணக்கிட்டு அனுப்பியிருந்தால் ஒரே எண்ணைத்தான் நூறு முறை கூட்ட முடியும். பெயரால் அனுப்பியதால் ஐ மாற மாற முதலில் 1, பிறகு அரை, பிறகு மூன்றில் ஒன்று என்று கோவையின் மதிப்பும் மாறி, கூட்டல் ஏறத்தாழ 5.187 என்று சரியாக வந்து நிற்கும்.

நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் இதை எப்படிச் செய்து தருவது? அதற்கான வழியை பீட்டர் இங்கர்மன் 1961 ஜனவரியில் ஒரு கட்டுரையில் விளக்கினார். கோவை ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு எதுவும் கேட்காத ஒரு சிறு துணைநிரலைக் கம்பைலர் உருவாக்கி வைக்கும். தேவைப்படும்போது அதை இயக்கினால் மதிப்பு இருக்கும் முகவரியைத் தரும். அந்தத் துணைநிரலுக்குத்தான் தங்க் என்று பெயர். ஆங்கிலத்தில் ‘நினை’ என்ற வினைக்கு இலக்கணப்படி இறந்தகாலம் ‘தாட்’. ‘தங்க்’ என்பது அதே வினைக்கு விளையாட்டாகச் சொல்லும் இறந்தகாலம். கோவையைப் பற்றி யோசிக்க வேண்டியதையெல்லாம் கம்பைலர் முன்பே யோசித்து முடித்துவிட்டது என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று நிரலாளர்களிடையே வழங்கிவருகிறது. ஆக, பெயரிலேயே ஒரு காலக்குறிப்பு இருக்கிறது: யோசனை முடிந்தது, செயல் இனிமேல்தான்.

ஜாவாஸ்கிரிப்டில் இதைச் செய்யத் தனி ஏற்பாடு வேண்டாம். ‘2 கூட்டல் 3’ என்று எழுதினால் அந்த வரியிலேயே 5 வந்துவிடும். அதையே உள்ளீடு இல்லாத ஒரு அம்பு ஃபங்ஷனுக்குள் வைத்தால் ஒன்றும் நடக்காது. பின்னால் அடைப்புக்குறி போட்டு அழைக்கும்போதுதான் 5 வரும். இதுவும் தங்க்தான். இதில் நெட்வொர்க்கும் இல்லை, பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டாகிய ப்ராமிஸும் இல்லை.

ரீடக்ஸை டான் ஆப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் 2015இல் உருவாக்கினார்கள். அதன் ஒழுங்கு கண்டிப்பானது. செயலியின் இப்போதைய தரவு ஸ்டேட், அதை வைத்திருக்கும் இடம் ஸ்டோர், என்ன நடந்தது என்று சொல்லும் குறிப்பு ஆக்‌ஷன், அந்தக் குறிப்பை ஸ்டோருக்கு அனுப்புவது டிஸ்பேட்ச். ரெடியூசர் பழைய ஸ்டேட்டையும் ஆக்‌ஷனையும் வாங்கிக்கொண்டு புதிய ஸ்டேட்டைத் தரும். அதற்குள் நெட்வொர்க் அழைப்பு, டைமர், தற்செயல் எண் எதற்கும் இடமில்லை. டிஸ்பேட்ச் தானாக ஏற்றுக்கொள்வது வெறும் ஆப்ஜெக்டை மட்டுமே. அப்படியானால் சர்வர் பதில் வரும்வரை காத்திருக்கும் வேலையை எங்கே வைப்பது? திரையின் ஒரு பகுதியை வரையும் காம்போனென்ட்டிலேயே வைக்கலாம். ஆனால் அதே அழைப்பு ஐந்து திரைகளில் தேவைப்பட்டால் ஐந்து இடத்தில் எழுத வேண்டும். நடுவில் ஸ்டேட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் சிக்கல்.

டிஸ்பேட்சுக்கும் ரெடியூசருக்கும் நடுவில் நிற்கும் தங்க் மிடில்வேர் இந்த இடைவெளியை நிரப்புகிறது. அதன் நிரல் பதினைந்து வரிக்குள் அடங்கிவிடும். டிஸ்பேட்சுக்கு வந்தது ஃபங்ஷனா என்று பார்க்கும். ஃபங்ஷன் என்றால் டிஸ்பேட்ச், இப்போதைய ஸ்டேட்டைத் தரும் கெட்ஸ்டேட் இரண்டையும் அதன் கையில் கொடுத்து இயக்கும். வேண்டுமானால் மூன்றாவதாக ஏபிஐ கிளையன்ட் போன்ற ஒன்றையும் தரலாம். ஃபங்ஷன் இல்லையென்றால் வந்ததை அப்படியே அடுத்த மிடில்வேருக்கு விட்டுவிடும். ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பையே டிஸ்பேட்சும் திருப்பித் தருவது பலர் கவனிக்காமல் விடும் பகுதி. தங்க் ஒரு ப்ராமிஸைத் தந்தால் காம்போனென்ட் அதற்காக அவெய்ட் செய்ய (பதில் வரும்வரை காத்திருக்க) முடிவது இதனால்தான்.

தங்க் எழுதும்போது இரண்டு அடுக்கு உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு பயனரின் விவரத்தை எடுத்துவர எழுதும்போது வெளி ஃபங்ஷன் 7 என்ற பயனர் எண்ணை வாங்கிக்கொள்ளும். உள் ஃபங்ஷனைத் திருப்பித் தரும். உள் ஃபங்ஷன்தான் தங்க். வெளியே இருப்பது பொதியைக் கட்டும் கை, உள்ளே இருப்பது பொதி. இங்கே வழக்கமாக வரும் பிழைகள் மூன்று.

“ஆக்‌ஷன் வெறும் ஆப்ஜெக்டாக இருக்க வேண்டும்” என்ற பிழைச்செய்தி வந்தால், வந்த மதிப்பின் வகை என்ன என்று அதிலேயே சொல்லியிருக்கும் இடத்தைப் படியுங்கள். ‘ஃபங்ஷன்’ என்று இருந்தால் மிடில்வேர் ஸ்டோரில் சேரவில்லை. ரீடக்ஸின் அதிகாரபூர்வக் கருவித்தொகுப்பான ரீடக்ஸ் டூல்கிட்டில் ஸ்டோரை அமைக்கும் கான்ஃபிகர்ஸ்டோர் தங்க்கைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ஆனால் இயல்பாக வரும் மிடில்வேர்களை விட்டுவிட்டு உங்கள் பட்டியலை மட்டும் கொடுத்தால் தங்க் விழுந்துவிடும். ‘ப்ராமிஸ்’ என்று இருந்தால் ஒரு ஃபங்ஷனை ப்ராமிஸ் தரும்படி ஆக்கும் ஏசிங்க் என்ற குறிச்சொல்லை வெளி ஃபங்ஷனில் போட்டுவிட்டீர்கள். பொதியைக் கட்டுவதற்குப் பதிலாக வேலையைத் தொடங்கிவிட்டு, வரப்போகும் பதிலுக்கான சீட்டை டிஸ்பேட்சிடம் நீட்டியிருக்கிறீர்கள். ஏசிங்க் உள் ஃபங்ஷனுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது பிழை சத்தமே இல்லாதது. வெளி ஃபங்ஷனை அழைக்காமல் அதன் பெயரை மட்டும் டிஸ்பேட்சுக்குக் கொடுத்துவிடுவது. அதுவும் ஃபங்ஷன்தான் என்பதால் மிடில்வேர் அதை இயக்கும். பயனர் எண் இருக்க வேண்டிய இடத்தில் டிஸ்பேட்ச் போய் உட்காரும். உள் ஃபங்ஷன் திரும்பி வரும். அதை இயக்க ஆள் இல்லை. பொதியைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பொதி. கன்சோலில் சிவப்பு இல்லை, நெட்வொர்க் பக்கத்தில் அழைப்பும் இல்லை. ‘டிஸ்பேட்ச் செய்தேன், ஒன்றுமே நடக்கவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அடைப்புக்குறியைத்தான்.

இனி ‘ஏசிங்க்’ பக்கம். கிரேக்க வேர்களின்படி ‘ஒரே நேரத்தில் கூடாத’ என்று அச்சொல் பிரியும். அழைப்பு போகும் நேரமும் பதில் வரும் நேரமும் ஒன்றல்ல. பதில்கள் கேட்ட வரிசையில் வரும் என்பதற்கும் உறுதியில்லை. தேடல் பெட்டியில் ஒருவர் ‘தஞ்’ என்று தட்டுகிறார், அழைப்பு போகிறது. 300 மில்லிநொடி கழித்து ‘தஞ்சை’ ஆகிறது, இரண்டாம் அழைப்பு போகிறது. இரண்டாவதன் பதில் 500ஆம் மில்லிநொடியில் வந்து திரையில் ஏறுகிறது. முதலாவதன் பதில் 1200இல் வந்து அதன்மேல் எழுதிவிடுகிறது. பெட்டியில் ‘தஞ்சை’, கீழே ‘தஞ்’சுக்கு உரிய பட்டியல். லோக்கல் சர்வரில் பதில்கள் உடனே வந்துவிடுவதால் இது பெரும்பாலும் தென்படாது. பயனர் கைக்குப் போனபின் தென்படும்.

இதைச் சமாளிக்க வழி உண்டு. இத்தகைய தங்க்கைக் கட்டித் தரும் டூல்கிட்டின் கிரியேட்ஏசிங்க்தங்க் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோரிக்கை அடையாளத்தைத் தானே உருவாக்கும். ஒரு அழைப்புக்குப் பெண்டிங் (நடக்கிறது), அதன்பின் ஃபுல்ஃபில்டு (வெற்றி) அல்லது ரிஜெக்டட் (தோல்வி) என்று ஆக்‌ஷன்கள் புறப்படும். அவற்றில் கூடுதல் தகவலுக்கான மெட்டா பகுதியில் அந்த அடையாளம் இருக்கும். பெண்டிங் வரும்போது அடையாளத்தை ஸ்டேட்டில் குறித்துவையுங்கள். ஃபுல்ஃபில்டு வரும்போது ஒப்பிட்டு, பொருந்தாத பதிலைத் தள்ளிவிடுங்கள். பழைய அழைப்பை அபார்ட் செய்வதும் (பாதியில் கைவிடுவதும்) வழிதான். ஆனால் அபார்ட் சிக்னலை, நெட்வொர்க் அழைப்பைச் செய்யும் ஃபெட்சுக்குக் கொடுக்காவிட்டால் ரிஜெக்டட் ஆக்‌ஷன் போகுமே தவிர நெட்வொர்க் அழைப்பு பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபெட்ச் பற்றி ஒன்று: 404, 500 வந்தாலும் அது பிழை எறியாது. பதிலின் ‘ஓகே’ பண்பைப் பார்த்து நீங்களே எறிய வேண்டும், அல்லது ரிஜெக்ட்வித்வேல்யூ மூலம் தோல்வியாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் சர்வரின் பிழைச்செய்தி ஃபுல்ஃபில்டு என்ற பெயரில் ஸ்டேட்டுக்குள் குடியேறும். கிரியேட்ஏசிங்க்தங்க்கை டிஸ்பேட்ச் செய்து அவெய்ட் போட்டு, சுற்றிலும் ட்ரை-கேட்ச் வைத்தாலும் கேட்ச் பகுதி ஓடாது. அந்த ப்ராமிஸ் தோல்வியிலும் நிறைவேறியதாகவே முடியும்படி செய்யப்பட்டது. தோல்வியைப் பிடிக்க, அதைப் பிழையாக எறியும் அன்ராப் சேர்க்க வேண்டும். கிரியேட்ஏசிங்க்தங்க்குக்கு நாம் எழுதிக் கொடுக்கும், வேலையைச் செய்து பதிலைத் தரும் பேலோட் ஃபங்ஷனுக்கு நம் பக்கத்திலிருந்து ஓர் உள்ளீடுதான் போகும். பக்க எண், தேடுசொல் இரண்டையும் அனுப்ப வேண்டுமென்றால் ஒரே ஆப்ஜெக்டில் கட்டி அனுப்புங்கள். அவெய்ட்டுக்கு முன் கெட்ஸ்டேட் செய்து எடுத்த மதிப்பு அவெய்ட்டுக்குப் பின் பழசாகியிருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும். திரையை வரையும் நூலகமான ரியாக்ட் 18இன் ஸ்ட்ரிக்ட் மோடில், மேம்பாட்டுச் சூழலில் எஃபெக்ட் (திரை வந்தபின் ஓடும் நிரல்) இரண்டு முறை ஓடி இரண்டு அழைப்பு போவதை, ‘ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருக்கிறதா’ என்று பார்க்கும் ஒரு கண்டிஷன் தடுத்துவிடும்.

சர்வரிலிருந்து எடுத்து, வைத்து, காட்டுவது மட்டுமே வேலை என்றால் தங்க்கை விட, டூல்கிட்டில் அதற்கென்றே உள்ள ஆர்டிகே குவெரி பொருத்தம். ஸ்டேட்டைப் பார்த்து, முடிவெடுத்து, பல ஆக்‌ஷன்களை வரிசையாக அனுப்பும் வேலைக்குத் தங்க் இன்றும் சரியான கருவி. அந்த வேலையில் ஒரு அவெய்ட்கூட இல்லாமல் இருக்கலாம்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘தங்க்’ என்று எழுதினால் ஒலி தேறுவதில்லை. தமிழில் ‘ங்க’ வந்தால் ககரம் மெலிந்தே ஒலிக்கும். மூலச்சொல்லின் வன்மையான முடிவு காணாமல் போய், தங்கமும் தங்குவதும்தான் நினைவுக்கு வரும். ‘நினைத்தது’ என்று நேராகப் பெயர்த்தால் அங்கே இருந்த விளையாட்டும் இல்லை, இங்கே பொருளும் இல்லை. ‘ஏசிங்க் செயல்’ என்பதை ஒட்டி ‘ஒத்திசைவற்ற செயல்’ என்று சிலர் எழுதுவது பெரிய பிழை. தொடக்கத்தில் சொன்ன குழப்பத்தைப் பெயரிலேயே ஏற்றிவிடுகிறது. ‘ஒத்திவைத்த செயல்’ பொருளளவில் நெருங்குகிறது. ஆனால் சுருக்கி ‘ஒத்திச்செயல்’ என்றால் வீட்டு ஒத்தி குறுக்கே வரும். ஏசிங்க்குக்கு வழங்கும் ‘ஒத்தியங்கா’வோடும் முட்டும். ஒத்திவைப்பதில் உள்ள ஒத்தி வேறு, ஒத்து இயங்குவதில் உள்ள ஒத்து வேறு. பக்கத்தில் பக்கத்தில் வந்தால் படிப்பவர் பிரித்தறிய முடியாது.

என் பரிந்துரை ‘பொதிசெயல்’. வழிப்பயணத்துக்குக் கட்டி எடுத்துப்போகும் கட்டுச்சோற்றுக்குப் ‘பொதிசோறு’ என்றும் பெயர். சமைத்தது வீட்டில், உண்பது பசிக்கும் இடத்தில். தங்க்கும் அப்படியே. கட்டும் இடத்தில் இருந்த பயனர் எண் 7 பொதிக்குள்ளேயே போகிறது. பிரிக்கும் இடத்தில் டிஸ்பேட்சும் கெட்ஸ்டேட்டும் கிடைக்கின்றன. இன்னொரு பொருத்தமும் உண்டு. பொதிசோறு வினைத்தொகை; காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்லும் வகை. பொதிந்த, பொதிகின்ற, பொதியும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல் ஒரு இறந்தகால விளையாட்டிலிருந்து வந்தது; தமிழ்ச்சொல் காலத்தையே வெளிக்காட்டாமல் நிற்கிறது. எப்போது இயங்கும் என்பதை அழைப்பவரிடம் விட்டுவிடும் ஒன்றுக்கு இது இன்னும் நன்றாக ஒட்டுகிறது.

எழுதும்போது ‘பொதிச்செயல்’ என்று ஒற்று மிகுக்க வேண்டாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்றுப் போட்டால் ‘பொதி’ பெயர்ச்சொல்லாகி, மூட்டை தூக்கும் வேலை என்ற பொருள் வந்துவிடும். ‘பயனரை எடுத்துவரும் பொதிசெயலை அனுப்பு’, ‘இந்தப் பொதிசெயல் ஒத்தியங்காதது, அந்தப் பொதிசெயல் உடனே முடிவது’ என்று இரண்டையும் இடறாமல் சொல்லலாம். விண்டோஸில் 16 பிட் நிரலும் 32 பிட் நிரலும் ஒன்றையொன்று அழைக்க இடையில் வைத்த மாற்றுத்துண்டையும் தங்க் என்றே சொன்னார்கள். அங்கே எதையும் பொதிந்து வைப்பதில்லை. ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் வேலை. அதற்குப் பொதிசெயல் பொருந்தாது, ‘இடைமாற்றி’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.