பெட்ராவில் சுவரைப் பாருங்கள்

ஜோர்டானின் தெற்கே இருக்கும் பழங்கால நகரமான பெட்ராவுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் சிக் என்ற பிளவு வழியாகத்தான் நடக்கிறார்கள். நிலம் அசைந்ததில் மலை இரண்டாகப் பிளந்து உண்டான வழி அது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் 80 மீட்டர் வரை பாறை நிமிர்ந்து நிற்கும். நடுவில் சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம்தான். எல்லோர் கண்ணும் முன்னாலேயே இருக்கும். கடைசி வளைவில், அந்த இருட்டு இடுக்கு வழியே, மலைப்பாறையிலேயே செதுக்கிய அல் கஸ்னா என்ற பிரம்மாண்டமான முகப்பின் தூண்கள் செக்கச்செவேலென்று தெரியும் அல்லவா, அதற்கான அவசரம்.

அந்த அவசரத்தில் பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். நடக்கும்போதே பக்கத்துச் சுவரைப் பாருங்கள். கைக்கு எட்டும் உயரத்தில் பாறையில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். எதிர்ப்பக்கச் சுவரிலும் ஒரு பள்ளம் ஓடும். அதில் ஆங்காங்கே சுடுமண் குழாயின் உடைந்த துண்டுகள் இன்னும் சாந்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், பெட்ராவின் பெரிய அதிசயம் இந்தக் குழாய்தான். இது இல்லாமல் அந்தத் தூண்களைச் செதுக்க அங்கே ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் நபத்தேயர்கள். குந்திரிக்கம், வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின்களை ஒட்டகங்களில் ஏற்றிச் சென்று விற்ற அரபு வணிகர்கள். அவர்களுடைய தலைநகரான பெட்ராவில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் பரவலாகப் பெய்யாது. குளிர்காலத்தில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணும் மரமும் உள்ள நிலமாக இருந்தால் ஒரு பங்கையாவது உறிஞ்சிக்கொள்ளும். இங்கே இருப்பது மொட்டைப் பாறை. விழுந்த தண்ணீர் அத்தனையும் சரிவில் வழிந்து, ஒரே நேரத்தில் பள்ளத்தாக்குக்குள் பாயும். ஆக, ஒரே ஊருக்கு இரண்டு கஷ்டங்கள்: பல மாதம் குடிக்கத் தண்ணீர் இருக்காது, சில மணி நேரம் ஊரையே அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு வரும். நபத்தேயர்கள் இரண்டையும் சேர்த்தே சமாளித்தார்கள்.

குடிநீருக்கு ஊருக்குக் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி ஐன் மூசா என்ற ஊற்று இருந்தது. அங்கிருந்து வாய்க்காலிலும் குழாயிலும் தண்ணீர் வந்தது. சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவருவது கேட்க எளிதாக இருக்கும், செய்வது அப்படி இல்லை. குழாயின் ஒரு முனை சற்றுக் குறுகலாக இருக்கும். அதை அடுத்த குழாயின் வாய்க்குள் செருகி, சுண்ணாம்புச் சாந்தால் பூசுவார்கள். இப்படியே கிலோமீட்டர் கணக்கில் போனால் எத்தனை இணைப்புகள் என்று பாருங்கள். ஒவ்வொன்றும் கசியக் காத்திருக்கும் இடம்.

குழாய் முழுக்க நிரம்பி ஓடினால் உள்ளே அழுத்தம் ஏறி, சாந்து விரிசல் விடும். சரிவு அதிகமாக இருந்தால் தண்ணீர் வேகம் பிடிக்கும். அந்த வேகம் ஓரிடத்தில் சட்டென்று தடைப்படும்போது நீர்மட்டம் எகிறிக் குழாயை அடைத்து, காற்றைச் சிறைப்பிடித்துக் குமுறும். சரி, சரிவைக் குறைத்துவிடலாம் என்றால், மெதுவாகப் போகும் தண்ணீர் தான் சுமந்துவரும் மண்ணை வழியிலேயே போட்டுக் குழாயைத் தூர்த்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரிவு உண்டு. அதில் தண்ணீர் குழாயை நிரப்பாமல், மேலே காற்றுக்கு இடம் விட்டுச் சீராக ஓடும். சிக் வழியாகப் போன குழாயின் சரிவை ஆராய்ந்தவர்கள், அது ஏறக்குறைய இந்தப் பக்குவத்தில் அமைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். சமன்பாடு எதுவும் கையில் இல்லாத காலம் அது. போட்டுப் பார்த்து, உடைந்ததைக் கழற்றி, மறுபடி போட்டுத்தான் கற்றிருப்பார்கள். வழியில் சின்னத் தொட்டிகளும் வெட்டினார்கள். தண்ணீர் அங்கே சற்று நின்று, வண்டலைக் கீழே விட்டுவிட்டு, தெளிந்து மேலே வழிந்து போகும்.

மழைநீரைச் சேர்க்கப் பாறைக்குள்ளேயே தொட்டிகள் குடைந்தார்கள். மணற்கல் தண்ணீரை உறிஞ்சும், அதனால் உள்ளே நீர் புகாத சாந்து பூசினார்கள். வெயில் படாமல் கல் பலகைகளால் மூடியும் வைத்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் இவர்களைப் பற்றி எழுதும்போது, வாய் குறுகி உள்ளே போகப் போக அகலும் நிலத்தடித் தொட்டிகளைச் சொல்கிறார். வாயை மூடிவிட்டு, தங்களுக்கு மட்டும் புரியும் அடையாளம் வைத்துவிட்டுப் போவார்களாம். துரத்தி வரும் படை தாகத்தில் திரும்பிப் போக, இவர்கள் பாலைவனத்துக்குள் நிம்மதியாக இருப்பார்கள்.

அப்புறம் அந்தத் தூண்கள். அல் கஸ்னா சுமார் 40 மீட்டர் உயரம்; கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியது என்பது பரவலான கருத்து. இதைக் கீழிருந்து கட்டவில்லை, மேலிருந்து இறக்கினார்கள். முதலில் பாறையின் உச்சியில் ஒரு திட்டு வெட்டி அதில் நின்றுகொள்வார்கள். காலடியில் இன்னும் வெட்டாத பாறையே தளம். வேலை இறங்க இறங்கத் தளமும் இறங்கும். வெட்டிய கல் கீழே விழும், முடித்த வேலைமீது விழாது. பெட்ராவிலேயே பாதியில் நின்றுபோன ஒரு கல்லறை இருக்கிறது. தூண்களின் தலைப்பகுதி மட்டும் வடிவம் பெற்றிருக்க, அதற்குக் கீழே வெறும் பாறை. இந்த முறைக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்தால் அல் கஸ்னாவின் முன்தூண் ஒன்று உடைந்து விழுந்திருக்கும், மேலே உள்ள பாரம் அசையாமல் நிற்கும். அதைத் தாங்குவது தூண் அல்ல, மலை. இன்று அங்கே நிற்கும் தூண் 20ஆம் நூற்றாண்டில் கல் அடுக்கி எழுப்பியது.

சிற்பத்தைத் தின்பதும் தண்ணீர்தான். மணற்கல்லுக்குள் ஏறும் ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். மேற்பரப்பில் ஈரம் காயும்போது உப்பு படிகமாகி, மணல் துகள்களைப் பிரித்துத் தள்ளும். விரலால் தேய்த்தாலே பொடியாக உதிரும் இடங்கள் இப்படி உண்டானவைதான். நபத்தேயர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது. முகப்புகளுக்கு மேலே மழைநீரை ஓரமாகத் திருப்பும் வடிகால்களை வெட்டியிருக்கிறார்கள்.

வெள்ளத்துக்கும் அவர்களிடம் வழி இருந்தது. சிக்கின் வாசலில் ஓர் அணை கட்டி, பக்கத்து மலையில் 88 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, காட்டாற்றை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். கி.பி. 106இல் ரோமானியர் கைக்கு ஊர் போனது, 363இல் பூகம்பம் வந்தது, மெல்ல மக்கள் குறைந்தார்கள். பராமரிக்க ஆளில்லாத அணை அழிந்தது. அதன் பிறகு வந்த வெள்ளங்கள் கொட்டிய மணல் எவ்வளவு என்றால், அல் கஸ்னாவின் முன்தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் புதைந்திருந்த கல்லறைகள் 2003இல்தான் வெளிப்பட்டன.

1963 ஏப்ரலில் சிக்குக்குள் நடந்துகொண்டிருந்த பிரெஞ்சுச் சுற்றுலாக் குழு ஒன்றைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 80 மீட்டர் சுவர்களுக்கு நடுவே ஏறித் தப்ப இடமே இல்லை. அதற்குப் பிறகுதான் சிக்கின் வாசலில் மறுபடி அணை கட்டினார்கள். நபத்தேயர்கள் கட்டிய அதே இடத்தில். வெள்ளத்தைத் திருப்பிவிடப் புதிதாக எதையும் குடையவும் இல்லை. இன்றும் மழை வந்தால் தண்ணீர் அவர்களுடைய 88 மீட்டர் சுரங்கத்துக்குள்தான் போகிறது.