சூட்டுக் கொப்புளம் என்று சொல்லும் கர்ப்பிணி

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஐந்து மாதக் கர்ப்பிணி அவர். கையில் தனியார் லேப் ரிப்போர்ட்: டார்ச் டெஸ்ட் (கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை), ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ். ஹெர்பிஸ் என்பது பிறப்புறுப்பிலோ உதட்டிலோ கொப்புளம் வரவைக்கும் வைரஸ்; ஐஜிஎம் என்பது புதுத் தொற்றைக் காட்டும் என்று நம்பப்படும் ரத்த எதிர்ப்புப் பொருள். நடவுக் கூலியில் சேர்த்த காசு அதற்குப் போயிருந்தது. "கலைச்சிடலாமா டாக்டரம்மா?" என்று மாமியார் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குப் புண் எதுவும் இல்லை, முன்பும் வந்ததில்லை.

ஐஜிஎம்மை நம்பி முடிவெடுக்கவே கூடாது. தொற்றே இல்லாதவருக்கும் அது பாசிட்டிவ் காட்டும். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-இல் சொன்னது, 2023-இலும் அதையே உறுதிசெய்தது. எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி மூன்றுக்கும் நாம் ரத்தம் எடுப்பது சரி. ஹெர்பிஸுக்கு வாயால் கேட்க வேண்டும்.

ஆனால் எப்படிக் கேட்பது? செவ்வாய்க்கிழமை வராண்டா நிறையக் கூட்டம், பக்கத்தில் மாமியார். முதலில் அவரை மாத்திரை வாங்க அனுப்பிவிடுவேன். "ஹெர்பிஸ் இருக்கா?" என்றால் யாருக்கும் புரியாது. "அந்த இடத்துல சூட்டுக் கொப்புளம் வந்து, ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சிருக்காம்மா? ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வருதா? வீட்டுக்காரருக்கு வந்திருக்கா?" என்று கேட்டால் மெல்லத் தலையசைப்பார்கள். அக்கி என்று நினைத்துக் காவி பூசியவர்களும் உண்டு.

பழைய தொற்று என்றால் பயம் குறைவு. தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போயிருக்கும். பிரசவ நேரத்தில் புண் திரும்ப வந்திருந்தால்கூட, குழந்தைக்குத் தொற்றுவது நூற்றில் 3-க்கு மேல் போகாது. கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்றினால்தான் ஆபத்து, அது நூற்றில் 30 முதல் 50 வரை. சிங்கப்பூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ கணவர் வளைகாப்புக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். அவருக்குப் பிறப்புறுப்பிலோ உதட்டிலோ கொப்புளம் வந்ததுண்டு என்றால், கடைசி மூன்று மாதம் உடலுறவையும் வாய்வழி உறவையும் தவிர்க்கச் சொல்கிறேன். இன்னொன்றையும் தவறாமல் சொல்வேன்: இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும், இன்று புண் வந்ததை வைத்து யார் மீதும் பழி போட முடியாது.

கர்ப்பிணிக்கே கொப்புளம் வந்த வரலாறு இருந்தால் 36-ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. விலை குறைந்த மாத்திரைதான். அரசு பால்வினை நோய் கிளினிக்கில் தரும் ஐந்தாம் எண் சிவப்புக் கிட்டில் இருப்பதும் இதுதான். வலி எடுத்து வந்தவுடன் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புண்ணோ, புண் வருமுன் வரும் எரிச்சலோ இருந்தால் சிசேரியனுக்கு உடனே 108-இல் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சுகப்பிரசவமே போதும். அந்தத் திருத்துறைப்பூண்டிப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அப்புறம், பிறந்த முதல் நான்கு வாரத்தில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, தோஷம் என்று மந்திரிக்கப் போகாதீர்கள். உடம்பில் கொப்புளமே இல்லாமலும் இந்த நோய் மூளையைத் தாக்கும். ஊசி வழி மருந்தை அன்றே தொடங்க வேண்டும். உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், பாட்டியே ஆனாலும், அது காய்ந்து உதிரும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம்.